இறக்குமதிச் சரக்குக்கு விலை வைப்பது எப்படி: ஒரு குடையின் கணக்கு

பாரிமுனைப் பக்கத்து மொத்த வியாபாரக் கடை ஒன்றில் "இந்தக் குடை உங்களுக்கு என்ன அடக்கம்?" என்று கேட்டால், முதலாளி கால்குலேட்டரை எடுத்து, சீனாக்காரன் சொன்ன டாலர் விலையை அன்றைய டாலர் மதிப்பால் பெருக்கி, "வரி, வண்டி, கிளியரிங் எல்லாம் சேர்த்து" என்று ஒரு 25 சதவீதத்தை அதன் தலையில் வைத்துப் பதில் சொல்லிவிடுவார். இரண்டு டாலர் குடை, டாலர் 89 ரூபாய் என்றால், 178 ரூபாய். கால் பங்கு சேர்த்தால் 222 ரூபாய் 50 காசு. நானும் முதல் இரண்டு சரக்குகளுக்கு இப்படித்தான் விலை வைத்தேன். குடை அத்தனையும் விற்றுத் தீர்ந்த பிறகும் வங்கிக் கணக்கில் லாபம் தென்படாதபோதுதான், ரசீதுகளை ஒன்றன்பின் ஒன்றாக அடுக்கி, ஒரு குடை என் கிடங்குக்குள் வந்து சேர உண்மையில் எவ்வளவு ஆனது என்று கணக்குப் பார்த்தேன். அந்தக் கணக்கைப் படிப்படியாகப் போடும் முறைதான் இந்தக் கட்டுரை. கொள்முதல் விலை, கப்பல் கூலி, டாலர் மதிப்பு ஆகியவை விளக்கத்துக்காக நான் எடுத்துக்கொண்ட எண்கள். வரி கணக்கிடும் விதிகள் இந்தியச் சுங்கச் சட்டத்திலும் ஜி.எஸ்.டி. சட்டத்திலும் உள்ளவை.

எடுத்துக்கொள்ளும் சரக்கு இது: சீனாவிலிருந்து 12,000 மூன்று மடிப்புக் குடைகள், அட்டைப்பெட்டிக்கு 60 வீதம் 200 பெட்டிகள், கப்பலில் ஏற்றித் தரும் எஃப்.ஓ.பி. விலை குடைக்கு 2 டாலர், மொத்தம் 24,000 டாலர். வடகிழக்குப் பருவமழைக்கு முன்பே கடைகளுக்குப் போய்ச் சேர வேண்டிய சரக்கு என்பதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். விலை வைப்பதில் அதற்கும் ஒரு பங்கு உண்டு.

ஆர்டர் கொடுப்பதற்கு முன்

சரக்கை வகைப்படுத்தும் சுங்க எண்ணான ஹெச்.எஸ். குறியீட்டை முடிவு செய்யாமல் விலை பேசத் தொடங்குவது வீண் வேலை. வரி விகிதம் மட்டுமல்லாமல், தரக்கட்டுப்பாட்டு ஆணை உண்டா, குறைந்தபட்ச இறக்குமதி விலை உண்டா, பொருள்குவிப்புத் தடுப்பு வரி (வெளிநாட்டார் அடிமாட்டு விலைக்குக் கொண்டுவந்து குவிப்பதைத் தடுக்கும் கூடுதல் வரி) உண்டா என்பதெல்லாம் அந்தக் குறியீட்டைத்தான் ஒட்டி நிற்கின்றன. இவை எந்த நேரத்திலும் மாறக்கூடியவை. பொம்மைகளுக்கான அடிப்படைச் சுங்கவரி 2020 பட்ஜெட்டில் 20 சதவீதத்திலிருந்து 60 ஆகவும், 2023-இல் 70 ஆகவும் ஏறியது; இடையில் 2021 ஜனவரி முதல் பி.ஐ.எஸ். தர முத்திரையும் கட்டாயமாயிற்று. 2023 ஜூனில், சி.ஐ.எஃப். மதிப்பு (கப்பல் கூலியும் காப்பீடும் சேர்ந்த மதிப்பு) 20 ரூபாய்க்குக் குறைவான சிகரெட் லைட்டர்களின் இறக்குமதி தடை செய்யப்பட்டது. 2025 மார்ச்சில், சீனாவிலிருந்து வரும் வெற்றிடக் குடுவைகள் மீது டன் கணக்கில் பொருள்குவிப்புத் தடுப்பு வரி போடப்பட்டது. எடையை வைத்து விதிக்கப்படும் இத்தகைய வரி, மலிவான சரக்கைத்தான் அதிகமாக அடிக்கும். குடையைப் பொறுத்தவரை 2022 பட்ஜெட் அடிப்படைச் சுங்கவரியை 20 சதவீதமாக உயர்த்தியது. 2025 செப்டம்பர் 22 முதல் ஜி.எஸ்.டி. 12 சதவீதத்திலிருந்து 5 ஆகக் குறைந்தது. கீழே, 2025 இறுதியில் நடப்பில் இருந்த இந்த இரண்டு விகிதங்களையே விளக்கத்துக்காகப் பயன்படுத்துகிறேன்; அதன் பிறகு இவை மாறியிருக்கலாம். உங்கள் சரக்குக்கு, ஆர்டர் கொடுக்கும் நாளிலும் கப்பல் வரும் வாரத்திலுமாக இரண்டு முறை சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

சுங்கத்துறை போடும் கணக்கு

நீங்கள் சப்ளையருக்குக் கொடுத்த விலையின் மீது மட்டும் சுங்கவரி விதிக்கப்படுவதில்லை. கப்பல் கூலியும் காப்பீடும் சேர்ந்த சி.ஐ.எஃப். மதிப்பின் மீதுதான் அது விதிக்கப்படும். நம் சரக்குக்குக் கப்பல் கூலி 1,000 டாலர், காப்பீடு 100 டாலர் என்றால் மதிப்பு 25,100 டாலர். இதை ரூபாயாக்கும்போது வங்கியின் டாலர் விலையைப் பயன்படுத்த முடியாது. மாதத்தில் இரண்டு முறை சுங்கத்துறை வெளியிடும் மாற்று விகிதத்தைத்தான் பயன்படுத்த வேண்டும். பில் ஆஃப் என்ட்ரி என்னும் இறக்குமதிப் பத்திரம் தாக்கல் செய்யப்படும் நாளில் எந்த விகிதம் நடப்பில் இருக்கிறதோ அதுவே செல்லும். அது 89 ரூபாய் என்று கொண்டால் மதிப்பு 22,33,900 ரூபாய்.

இதில் 20 சதவீதம் அடிப்படைச் சுங்கவரி 4,46,780 ரூபாய். அந்த வரியின் மீது 10 சதவீதம் சமூகநல மேல்வரி 44,678 ரூபாய். மேல்வரி சரக்கின் மதிப்பின் மீது விதிக்கப்படுவதில்லை, வரியின் மீதே விதிக்கப்படுகிறது என்பதைக் கவனியுங்கள். இரண்டும் சேர்ந்து மதிப்பில் 22 சதவீதம் ஆகிறது, 30 சதவீதம் ஆவதில்லை. மதிப்பு, வரி, மேல்வரி மூன்றையும் கூட்டிய 27,25,358 ரூபாயின் மீது 5 சதவீதம் ஐ.ஜி.எஸ்.டி. (இறக்குமதிக்குத் துறைமுகத்திலேயே கட்டும் ஜி.எஸ்.டி.) 1,36,268 ரூபாய். துறைமுகத்தில் நீங்கள் கட்டும் மொத்தத் தொகை 6,27,726 ரூபாய்.

இந்தத் தொகை முழுவதையும் அடக்கத்தில் சேர்ப்பதுதான் புதிதாக வருபவர்கள் செய்யும் முதல் தவறு. அடிப்படைச் சுங்கவரியும் மேல்வரியும் திரும்பி வராத பணம், அவை அடக்கம். ஐ.ஜி.எஸ்.டி. அப்படியல்ல. வழக்கமான முறையில் ஜி.எஸ்.டி. பதிவு பெற்றவர் அதை உள்ளீட்டு வரி வரவாக எடுத்துக்கொண்டு, குடையை விற்கும்போது வசூலிக்கும் வரியில் கழித்துக்கொள்ளலாம். அதனால் அது அடக்கத்துக்குள் வராது. சில மாதங்கள் முடங்கிக் கிடக்கும் பணம் மட்டுமே. சிறு வியாபாரிகளுக்கான காம்போசிஷன் என்னும் எளிய ஜி.எஸ்.டி. திட்டத்தில் இருப்பவருக்கு இந்த வரவு கிடையாது, அவருக்கு ஐ.ஜி.எஸ்.டி.யும் அடக்கத்தில் சேரும். ஆகையால், ஒரே கன்டெய்னரில் பங்கு போட்டுச் சரக்கு எடுக்கும் இரண்டு வியாபாரிகளுக்கு ஒரே குடையின் அடக்கம் வேறுவேறாக இருப்பதில் வியப்பில்லை. பில் ஆஃப் என்ட்ரியில் உங்கள் ஜி.எஸ்.டி. எண் சரியாக இருக்கிறதா என்று தாக்கலுக்கு முன்பே பார்த்துவிடுங்கள். ஓர் எழுத்து மாறினாலும் வரவு உங்கள் ஜி.எஸ்.டி.ஆர்-2பி என்னும் வரவுப் பட்டியலில் தென்படாது.

கப்பல் கூலி ரசீது கையில் இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். கூலி எவ்வளவு என்று காட்ட முடியாதபோது, மதிப்பீட்டு விதிகள் எஃப்.ஓ.பி. மதிப்பில் 20 சதவீதத்தைக் கூலியாகவும், 1.125 சதவீதத்தைக் காப்பீடாகவும் எடுத்துக்கொள்ளச் சொல்கின்றன. நம் சரக்கில் 20 சதவீதம் என்பது 4,800 டாலர். உண்மையில் கொடுத்தது 1,000 டாலர். இல்லாத அந்த 3,800 டாலருக்கு நீங்கள் கட்டும் கூடுதல் சுங்கவரியும் மேல்வரியும் மட்டும் 74,404 ரூபாய், குடைக்கு 6 ரூபாய் 20 காசு. கப்பலில் சரக்கை அனுப்ப ஏற்பாடு செய்யும் ஃபார்வர்டரிடமிருந்து ஒரு தாளைக் கேட்டு வாங்காத சோம்பேறித்தனத்தின் விலை அது.

ஒரே சரக்குக்கு நான்கு டாலர் விலை

சப்ளையருடன் பேசும்போது பெரும்பாலும் 30 சதவீதம் முன்பணம், மீதி 70 சதவீதம் கப்பல் ரசீதின் நகல் வந்ததும் என்பதுதான் வழக்கம். முன்பணம் 7,200 டாலரை அனுப்பிய நாளில் வங்கி 88 ரூபாய் 20 காசு வாங்கியது. மீதி 16,800 டாலரை அனுப்பிய நாளில் 90 ரூபாய் 10 காசு. முதலாவதற்கு 6,35,040, இரண்டாவதற்கு 15,13,680, மொத்தம் 21,48,720 ரூபாய். சராசரி 89 ரூபாய் 53 காசு. சுங்கத்துறையின் விகிதம் 89. கப்பல் கூலி வசூலிக்கும் ஃபார்வர்டர் தன் பில்லில் தானே ஒரு விகிதம் போடுவார். அது பெரும்பாலும் வங்கியின் விகிதத்தைவிடக் கூடுதலாகத்தான் இருக்கும், 91 என்று வைத்துக்கொள்வோம். ஒரே சரக்குக்கு நான்கு டாலர் விலை ஆகிவிட்டது. தொலைக்காட்சியில் ஓடும் டாலர் மதிப்பு இந்த நான்கில் எதுவுமே அல்ல. அது வங்கிகள் தங்களுக்குள் வாங்கி விற்கும் விலை.

வங்கி உங்களிடம் எடுக்கும் வித்தியாசம் பேசினால் குறையும் ஒன்று. கிளை மேலாளர் தானாகக் குறைக்க மாட்டார். பணம் அனுப்பும் நாளில் வங்கிகளுக்கிடையிலான விகிதம் என்ன, எனக்கு எத்தனை பைசா சேர்த்துப் போடுகிறீர்கள் என்று கேட்டு எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். சிறு வாடிக்கையாளர்களும் சந்தை விலையில் டாலர் வாங்குவதற்காகவே எஃப்.எக்ஸ்.-ரீடெய்ல் என்ற தளம் 2019 முதல் நடந்துவருகிறது. அதில் பதிவு செய்திருக்கிறேன் என்று சொன்னாலே சில கிளைகளில் பேச்சின் தொனி மாறும். 24,000 டாலரில் 50 பைசா குறைந்தால் 12,000 ரூபாய், குடைக்கு ஒரு ரூபாய்.

டாலர் ஒரு ரூபாய் ஏறினால் இரண்டு டாலர் குடையின் அடக்கம் இரண்டு ரூபாய்தானே ஏறும் என்று எண்ணத் தோன்றும். அப்படியல்ல. சுங்கவரியும் மேல்வரியும் ரூபாய் மதிப்பின் மீது விழுவதால் அவையும் கூடவே ஏறுகின்றன. கப்பல் கூலியும் டாலரில்தான். நம் குடைக்குக் கணக்கிட்டால் 2 டாலர் விலை, 8 சென்ட் கூலி, 46 சென்ட்டுக்குச் சமமான வரி என்று ஏறத்தாழ 2.54 டாலர் டாலரோடு கட்டுண்டு கிடக்கிறது. சேதம், வட்டி ஆகியவற்றையும் சேர்த்தால் டாலரின் ஒவ்வொரு ரூபாய் ஏற்றத்துக்கும் குடைக்கு 2 ரூபாய் 70 காசு ஏறும். உங்கள் சரக்குக்கு இந்த ஓர் எண்ணை மட்டும் கண்டுபிடித்து மேசையில் எழுதி ஒட்டிவையுங்கள். 2013 மே மாதத் தொடக்கத்தில் 54 ரூபாயை ஒட்டியிருந்த டாலர், ஆகஸ்ட் 28-ஆம் தேதி 68-ஐத் தாண்டியது; மே மாதம் விலை பேசி, ஆகஸ்டில் பாக்கி அனுப்பியவர்கள் அந்த எண்ணைத் தெரிந்துவைத்திருந்தால், குறைந்தபட்சம் எவ்வளவு நஷ்டம் என்பதாவது அன்றைக்கே தெரிந்திருக்கும்.

பாக்கித் தொகைக்கு வங்கியில் ஃபார்வர்டு போட்டு, இரண்டு மாதம் கழித்து வாங்கப்போகும் டாலருக்கு இன்றே விலை உறுதி செய்துகொள்ளலாம். அதற்குச் சிறிது பிரீமியம் உண்டு. ரூபாய் வட்டிக்கும் டாலர் வட்டிக்கும் உள்ள வித்தியாசம்தான் அது. பிறகு டாலர் இறங்கிவிட்டால் ஃபார்வர்டு போட்டவர் வருந்த வேண்டியிருக்கும். ஆனாலும், விலையை முன்கூட்டியே அச்சிட வேண்டிய பருவகாலச் சரக்குக்குப் பாக்கியில் பாதிக்காவது ஃபார்வர்டு போடுவது நல்லது என்பது என் கருத்து. நாம் குடை விற்கத்தான் கடை வைத்திருக்கிறோம். டாலரில் சூதாட அல்ல.

ரசீதுகளை அடுக்கி அடக்கம் காண்பது

இப்போது கூட்டிவிடலாம். ஜி.எஸ்.டி. நீக்கிய தொகைகள் இவை.

சப்ளையருக்குச் சென்றது: 21,48,720
கப்பல் கூலி, ஃபார்வர்டரின் விகிதத்தில்: 91,000
காப்பீடு: 9,000
இரண்டு முறை பணம் அனுப்பிய வங்கிக் கட்டணம்: 4,000
அடிப்படைச் சுங்கவரியும் மேல்வரியும்: 4,91,458
டெலிவரி ஆர்டர், சி.எஃப்.எஸ். (கன்டெய்னரை இறக்கிவைக்கும் கிடங்கு), கிளியரிங் ஏஜென்ட்: 48,000
விலை ஸ்டிக்கர் ஒட்டும் கூலி: 12,000
கிடங்குக்கு லாரி, ஏற்றுகூலி, இறக்குகூலி: 9,000
மொத்தம்: 28,13,178 ரூபாய்

12,000-ஆல் வகுத்தால் குடைக்கு 234 ரூபாய் 43 காசு. ஆனால் 12,000 குடைகளையும் விற்க முடியாது. பெட்டியைப் பிரித்துப் பார்த்தால் கம்பி வளைந்தது, பொத்தானை அழுத்தினால் விரியாதது, கைப்பிடி கழன்றது என்று நூற்றுக்கு இரண்டேனும் ஒதுங்கும். மழைக்காலம் முழுவதும் கடைக்காரர்கள் திருப்பித் தருவதும் அதில் சேரும். 240 குடைகளைக் கழித்து 11,760-ஆல் வகுத்தால் 239 ரூபாய் 22 காசு.

வட்டியைப் பலர் அடக்கத்தில் சேர்ப்பதில்லை, அது சொந்தப் பணம்தானே என்பார்கள். முன்பணம் போன நாளிலிருந்து கடைக்காரரிடமிருந்து பணம் வரும் நாள் வரை சராசரியாக நான்கு மாதம் முடங்குகிறது என்றும், ஆண்டு வட்டி 12 சதவீதம் என்றும் கொண்டால், 4 சதவீதம், அதாவது 1,12,527 ரூபாய். கணக்குத் தணிக்கையாளர் இந்த வட்டியைச் சரக்கின் மதிப்பில் சேர்க்க ஒப்பமாட்டார். அவர் பார்ப்பது ஆண்டு முடிவில் கையிருப்பை மதிப்பிடும் ஏட்டை, நாம் பார்ப்பது விலை வைக்கும் தாளை. இரண்டையும் தனித்தனியாக வைத்துக்கொள்ளுங்கள். வட்டியையும் சேர்த்தால் ஒரு குடையின் அடக்கம் 248 ரூபாய் 78 காசு. கால்குலேட்டர் ஒரு நொடியில் சொன்ன 222 ரூபாய் 50 காசுக்கும் இதற்கும் வித்தியாசம் 26 ரூபாய் 28 காசு. அந்த 222-இன் மேல் பத்து சதவீத லாபம் வைத்து விற்றவர், ஒவ்வொரு குடைக்கும் 4 ரூபாய் சேர்த்துக் கொடுத்து அனுப்பியிருக்கிறார்.

ஒரே கன்டெய்னரில் குடையோடு மழைக்கோட்டும் கடற்கரைப் பெருங்குடையும் வந்தால், பொதுச் செலவைப் பிரிக்கும் முறை முக்கியம். எல்லாச் செலவையும் மதிப்புக்கு ஏற்றபடி பிரித்துவிடுவது எளிது, ஆனால் தவறு. கப்பல் கூலி, சி.எஃப்.எஸ்., லாரி ஆகியவற்றைச் சரக்கு அடைக்கும் கன அளவுக்கு ஏற்பவும், காப்பீட்டையும் வங்கிக் கட்டணத்தையும் மதிப்புக்கு ஏற்பவும், ஸ்டிக்கர் கூலியை எண்ணிக்கைக்கு ஏற்பவும் பிரியுங்கள். சுங்கவரி ஒவ்வொரு பொருளுக்கும் பில் ஆஃப் என்ட்ரியிலேயே தனியாகப் போட்டிருக்கும். இப்படிப் பிரிக்காவிட்டால், பாதிக் கன்டெய்னரை அடைத்துக்கொண்டு வரும் பெருங்குடை மலிவாகவும், மூலையில் அடங்கும் சிறுகுடை விலை ஏறியும் தோன்றும். சிறுகுடை விற்காமல் நிற்கும், பெருங்குடை நன்றாக விற்று நஷ்டம் தரும்.

லாபம் எதன் மேல்

15 சதவீத லாபம் என்று சொல்லும்போது அடக்கத்தின் மேலா, விற்பனை விலைக்குள்ளா என்பதைத் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும். 248.78-இன் மேல் 15 சதவீதம் வைத்தால் 286 ரூபாய் 10 காசு. விற்பனையில் பார்த்தால் அது 13 சதவீதம்தான். கடை வாடகை, ஆள் சம்பளம், விற்பனைப் பிரதிநிதியின் கமிஷன் ஆகியவற்றை நாம் விற்பனையில் இத்தனை சதவீதம் என்றுதான் கணக்கிடுகிறோம். லாபத்தையும் அதே அளவுகோலால் அளந்தால்தான் ஒன்றிலிருந்து ஒன்றைக் கழிக்க முடியும். விற்பனை விலைக்குள் 15 சதவீதம் வேண்டுமென்றால் அடக்கத்தை 0.85-ஆல் வகுக்க வேண்டும். விடை 292 ரூபாய் 69 காசு; 293 என்று வைப்போம், ஜி.எஸ்.டி. தனி.

மழைக்காலம் முடிந்த பிறகு மீதம் நிற்கும் குடையையும் இதில் சேர்த்துப் பார்க்க வேண்டும். 11,760 குடைகளில் பத்தில் ஒரு பங்கு தேங்கி, ஜனவரியில் 200 ரூபாய்க்குத் தள்ளிவிட நேர்ந்தால், சராசரி விற்பனை விலை 283 ரூபாய் 70 காசாகவும், லாபம் 12.3 சதவீதமாகவும் இறங்கும். கப்பல் இரண்டு வாரம் தாமதமானால் தேங்குவது பத்தில் ஒன்றோடு நிற்காது. முன்பு கணக்கிட்ட நான்கு மாதத்துக்கு மேலும் கடைக்காரர்களுக்கு 45 நாள் கடன் கொடுத்தால் அதற்கும் குடைக்கு நான்கு ரூபாய்க்கு மேல் வட்டி போகும். அதோடு, அவர் பணம் தருவதற்கு முன்பே, அடுத்த மாதம் 20-ஆம் தேதிக்குள் அந்த விற்பனைக்கான ஜி.எஸ்.டி.யை நீங்கள் கணக்குக் காட்டிக் கட்டியாக வேண்டும். ரொக்கத்துக்கு வாங்குபவருக்கு நான்கு ரூபாய் குறைத்துக் கொடுப்பது தாராளம் ஆகாது. அதுதான் நியாயமான விலை.

எம்.ஆர்.பி. என்னும் முடிச்சு

விற்பனை விலையைச் சந்தையைப் பார்த்து அவ்வப்போது மாற்றிக்கொள்ளலாம் என்று நினைப்பவரைச் சட்டமுறை எடையளவு விதிகள் நிறுத்திவிடும். பொதியிட்டு விற்கும் இறக்குமதிப் பொருளின் மீது இறக்குமதியாளரின் பெயர், முகவரி, தயாரித்த நாடு, விதிகள் கேட்கும் மாதம், ஆண்டு, எல்லா வரியும் உட்பட்ட அதிகபட்ச சில்லறை விலை ஆகியவை இருக்க வேண்டும். அதுவும் சரக்கு சுங்கத்தை விட்டு உள்நாட்டு விற்பனைக்கு வெளியே வருவதற்கு முன்பே. என் முதல் சரக்கில் இது தெரியாமல், பெட்டிகள் சி.எஃப்.எஸ்.-இல் ஒன்பது நாள் கிடந்தன. மணலியில் நாலு ஆட்களை உட்காரவைத்து, ஒவ்வொரு பெட்டியாகப் பிரித்து, ஒவ்வொரு குடை உறையிலும் ஸ்டிக்கர் ஒட்டி மீண்டும் மூடினோம். கூலியைவிடத் தரை வாடகைதான் கூடுதலாக ஆயிற்று. இப்போதெல்லாம் ஸ்டிக்கரை அச்சடித்துச் சப்ளையருக்கே அனுப்பி அங்கேயே ஒட்டச் சொல்லிவிடுகிறேன்.

அங்கேயே ஒட்டச் சொன்னால் ஒரு சிக்கல் எழுகிறது. பாக்கிப் பணத்துக்கு டாலர் என்ன விலை, சுங்க விகிதம் என்ன, சி.எஃப்.எஸ். பில் எவ்வளவு என்று எதுவுமே தெரிவதற்கு முன்பு எம்.ஆர்.பி.யை அச்சிட வேண்டியிருக்கிறது. அச்சிட்ட பிறகு விலையைக் குறைக்கலாம்; பழைய விலையை மறைக்காமல் பக்கத்தில் புது ஸ்டிக்கர் ஒட்டினால் போதும். ஏற்ற முடியாது. ஆகவே எம்.ஆர்.பி.யை இன்றைய அடக்கத்திலிருந்து கணக்கிடாமல், சரக்கு விற்றுத் தீரும் காலம்வரை வரக்கூடிய மோசமான டாலரிலிருந்து கணக்கிடுங்கள்.

கணக்கு இப்படிப் போகும். 293 ரூபாய்க்கு வாங்கும் சில்லறைக் கடைக்காரர் தன் விற்பனையில் 30 சதவீதம் எதிர்பார்க்கிறார் என்றால், 293-ஐ 0.70-ஆல் வகுத்து 418 ரூபாய் 57 காசு. அதன் மேல் 5 சதவீத ஜி.எஸ்.டி. சேர்த்தால் 439 ரூபாய் 50 காசு. அதை 449 என்று அச்சிடலாம். திருப்பிச் சரிபாருங்கள்: 449-ஐ 1.05-ஆல் வகுத்தால் வரி நீங்கிய விலை 427 ரூபாய் 62 காசு. எம்.ஆர்.பி.யிலிருந்து 5 சதவீதத்தைக் கழித்துவிட்டு அதுதான் வரி நீங்கிய விலை என்று நினைக்கிறார்கள், அது தவறு, வகுக்கத்தான் வேண்டும். 427.62-இல் 293 போக, கடைக்காரருக்கு 31.5 சதவீதம் நிற்கிறது.

இப்போது 4,000 குடைகள் மீதம் இருக்கும்போது டாலர் 93-க்குப் போய்விட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். இருப்பில் உள்ள குடைக்கு நீங்கள் கொடுத்த பணம் மாறவில்லை. ஆனால் அடுத்த சரக்கின் அடக்கம், மேசையில் ஒட்டிய 2 ரூபாய் 70 காசுக் கணக்குப்படி மூன்றரை ரூபாய்க்கு ஒன்பதரை ரூபாய் ஏறி, 258 ஆகிவிடும். பழைய விலைக்கே விற்றுக்கொண்டிருந்தால், கையில் வரும் பணத்துக்கு அடுத்த முறை குறைவான குடைகள்தான் வரும். 258-ஐ 0.85-ஆல் வகுத்தால் 303 ரூபாய் 50 காசு. மொத்த விலையை 304 ஆக்கினால், 449 எம்.ஆர்.பி.க்குள் கடைக்காரருக்கு 28.9 சதவீதம் நிற்கும். அவர் முணுமுணுப்பார், ஆனால் வாங்குவார். எம்.ஆர்.பி.யை 439 என்று ஒட்டியிருந்தால் அது 27.3 ஆகக் குறைந்திருக்கும். பேச்சு வேறு மாதிரிப் போயிருக்கும்.

டாலர் இறங்கினாலும் இதே விதிதான் செல்லும், மனம்தான் ஒப்பாது. புதிதாகச் சரக்கு இறக்கிய பக்கத்துக் கடைக்காரர் 280 என்று சொல்லும்போது, என் அடக்கம் 249 என்று பிடிவாதம் பிடித்துப் பயனில்லை. ஆண்டுக் கணக்கில் கையிருப்பை அடக்கவிலை, விற்றால் நிகரமாகக் கிடைக்கும் விலை ஆகிய இரண்டில் குறைவான மதிப்பில்தான் காட்ட வேண்டும் என்று கணக்கியல் தரநிலை சொல்வதும் இதையே. 2025 செப்டம்பரில் ஜி.எஸ்.டி. 12-இலிருந்து 5 ஆனபோது, பழைய எம்.ஆர்.பி. அச்சிட்ட குடைகளை வைத்திருந்தவர்கள் வரிக் குறைவை விலையில் காட்ட வேண்டியிருந்தது. 12 சதவீதம் கட்டி எடுத்த வரவோ 5 சதவீத வரியில் கழிந்து தீர நாளானது. வட்டிக் கணக்கில் அதையும் எழுத வேண்டியதாயிற்று.

சரக்கு வந்து இறங்கியதும் விலைத் தாளை மூடிவிடாதீர்கள். ஒவ்வொரு செலவுக்கும் ஆர்டர் நாளில் மதிப்பிட்டது, பில்லில் வந்தது என்று இரண்டு பத்திகள் வைத்து, ரசீது வரவர நிரப்புங்கள். சி.எஃப்.எஸ். பில்லும் காலிக் கன்டெய்னரைத் தாமதமாகத் திருப்பியதற்கான டிடென்ஷன் பில்லும்தான் கடைசியாக வரும், சில நேரம் பாதிக் குடை விற்ற பிறகு. அவை வந்ததும் மீதமுள்ள குடைகளின் எண்ணிக்கையைக் கொண்டு வகுத்து, மறுநாள் காலை கடை திறப்பதற்குள் மொத்த விலையைத் திருத்திவிடுங்கள்.